ஐப்பசியில் எடுத்த ரத்தம்

என்னை ஏமாற்றியது யார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன்: என்னைப் பெற்றவள். சொன்னதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், பெற்ற தாயைப் போய் அப்படிச் சொல்லலாமா என்பார்கள். சொல்லலாம். வருஷக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை ஒரே காலையில் குப்பையாகப் போனதைப் பார்த்தவளுக்கு அந்த உரிமை உண்டு. அதைக்கூட மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அழற்சி. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் செய்கிற வேலை. முள்ளே இல்லாத இடத்தில் அதே வேலையை நாள் தவறாமல் செய்துகொண்டிருந்தால் அது நோய். முடக்குவாதம் அந்த வகை. உடம்பு தன் மூட்டையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். விரல்கள் வீங்கும், கோணும், காலையில் எழுந்தால் மடக்க வராது. எங்கள் தெருவில் இதற்கெல்லாம் இவ்வளவு விளக்கம் கிடையாது. "உள்ளுக்குள்ள காந்துது" என்பார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கும் காந்தியது. கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று வந்தபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

திருநள்ளாறுக்கு மேற்கே எங்கள் ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மா நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள். எந்த வயலுக்கு யார் யார், எவள் வருவாள், எவள் கடைசி நேரத்தில் கழுத்தை அறுப்பாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். நிலக்காரர் போன் செய்து "நாளைக்கு நடவு வெச்சுக்கலாமா?" என்று கேட்டால், அம்மா தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுப்பாள். விடிந்தால் பெண்கள் வரப்பில் நிற்பார்கள். விரல் கோணி நாற்றுப் பிடிக்க முடியாமல் போன பிறகும் அந்த மதிப்பு அவளுக்குக் குறையவில்லை. அம்மா வயலில் இறங்கி நாற்று நட மாட்டாள். ஆனால் அவள் இல்லாமல் நடவு நடக்காது.

காரைக்காலில்தான் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்தது. அங்கேயே தருமபுரத்தில் ஒரு மாடி அறையை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து எடுத்துக்கொண்டேன். என் வழிகாட்டி ஒரு பேராசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் மாதம் அவரிடம் என் யோசனையைச் சொன்னேன். முடக்குவாதம் இருக்கிற நடவுப் பெண்களிடம் இரண்டு தடவை ரத்தம் எடுப்பது. வேலையில்லாத வைகாசியில் ஒரு தடவை, சேற்றில் குனிந்து நிற்கிற ஐப்பசியில் ஒரு தடவை. நடவுக்காலத்தில் அழற்சி எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. மேடத்துக்குப் பிடித்துப்போயிற்று. "உங்க ஊர்லயே எடும்மா. உங்கம்மாவே ஆள் சேர்க்கிறவங்க. சொந்த ஜனங்க உங்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். இந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆய்வு நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கும்போதே இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். ஒன்று, அம்மா என் ரத்த உறவு என்பதால் அவளை ஆய்வில் சேர்க்கக்கூடாது. இரண்டாவது, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற யாரையும் சேர்க்கக்கூடாது. நம் உடம்பே காலை நேரத்தில் கார்ட்டிசால் என்று ஒன்றைச் சுரக்கிறது. அழற்சியை அடக்கி வைப்பது அது. ஸ்டீராய்டு மாத்திரை அதனுடைய முரட்டு அண்ணன் மாதிரி. உள்ளே போனால் வீக்கம் வடியும், வலி ஓடும், ரத்தத்தில் அழற்சிக் கணக்கு சரசரவென்று இறங்கிவிடும். நோய் மட்டும் அப்படியே இருக்கும். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் நான் தேடுவது எதுவும் கிடைக்காது.

வைகாசியில் எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து, அம்மாதான் எல்லோரையும் உட்கார வைத்தாள். நான் ஒவ்வொருவரிடமும் துருவித் துருவிக் கேட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரை, மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ஒவ்வொருத்தியும் முதலில் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "இல்ல பாப்பா." எதிர்வீட்டு அத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார். "மாத்திரை வாங்கித் திங்கிற நெலமையிலயா ஆண்டவன் நம்மள வெச்சிருக்கான்? தைலம் இருந்தா தேய்ப்போம், இல்லன்னா சுவத்துல சாஞ்சுக்குவோம்" என்றார். பாய் முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். "இதுங்களாவது மாத்திரை திங்கிறதாவது! நீ ஊசியைக் குத்துடி" என்றாள்.

அவர்கள் அம்மாவைப் பார்த்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தானே!

ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கெடாமல் காரைக்கால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மேடம் வெளியே விடுவது சனிக்கிழமைதான். சனிக்கிழமை திருநள்ளாறு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் முழுகிய ஈரத்தலையும் நல்லெண்ணெய் வாடையுமாக வெளியூர்ச் சனம் பிதுங்கி வழியும். ஒரு பெரியம்மா என் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, சாமி கும்பிட்டுட்டு வர்றோம், மீன் பெட்டியைக் கொண்டாந்து காலடியில வெக்கிறியே, நல்லாருக்கா?" மீன் இல்லைங்க, ரத்தம் என்று சொல்லியிருந்தால் பஸ்ஸே காலியாகியிருக்கும். மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றே வந்தேன். அப்படியெல்லாம் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த ரத்தம் அது.

ஐப்பசியில் மறுபடி போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வயலுக்குப் போகிறதற்கு முன்னால், விடிகாலையில் எங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் ரத்தம் எடுத்தேன். அதே கேள்விகள், அதே "இல்ல பாப்பா". பெண்கள் எல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு, விறுவிறு என்று எழுந்து போனார்கள். வைகாசியில் சுவரைப் பிடித்து எழுந்தவர்கள். வேலை வந்தால் உடம்பு தானாக வளைந்து கொடுக்கும் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

லேபில் நாங்கள் செய்கிற சோதனை, சின்னக் குழிகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தட்டில் நடக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் குழிகளில் விட்டு, மருந்து சேர்த்து, கழுவி, மறுபடி சேர்த்து, கடைசியில் நிறம் பார்க்க வேண்டும். மஞ்சள் அடர்ந்தால் அழற்சிப் புரதம் அதிகம். வைகாசி ரத்தம் ஒரு பாதி, ஐப்பசி ரத்தம் மறு பாதி. வைகாசிப் பாதி எதிர்பார்த்தபடி மஞ்சளாக நின்றது. ஐப்பசிப் பாதி ஏறியிருக்க வேண்டும். அது வெளிறிப்போய்க் கிடந்தது.

மாற்றி ஊற்றிவிட்டேன் என்று பயந்து திரும்பச் செய்தேன். அதே வெளிறல். இன்னொரு பெட்டி மருந்து உடைத்துச் செய்தேன். அதேதான். மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சேத்துல நின்னு உழைக்கும்போது அழற்சி குறையுதுன்னா, இது சாதாரண விஷயம் இல்லம்மா" என்றார். அடுத்த வாரமே வெளியூரில் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினோம். நடையில் யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டி "என் ஸ்டூடண்ட்" என்று அறிமுகம் செய்துவைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டம் கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன். நடவுக்காரி மகள், நடவுக்காரிகளின் உடம்பிலிருந்து உலகத்துக்கே தெரியாத ஒன்றை எடுத்திருக்கிறாள்!

அந்த சந்தோஷத்தோடு ஊருக்கு ஓடினேன். அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். முகம் உருண்டு, கன்னம் பளபளவென்று இருந்தது. "உடம்பு தேறிட்டம்மா" என்றேன். சிரித்தாள். நான் அவள் கோணல் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் எல்லாம் வயலில் இறங்கி வேலை செய்யச் செய்ய உங்கள் நோய் அடங்குகிறது, அதை நான் கண்டுபிடித்திருக்கிறேன், அதற்காகத்தான் எனக்கு டாக்டர் பட்டம் தரப்போகிறார்கள் என்று. அம்மாவின் கை ஒரு நிமிஷம் அசையவே இல்லை. "அப்படியா? நல்லதுதானே" என்றாள். எழுந்து போய்க் கருவாட்டுக் குழம்புச் சட்டியை எடுத்து வந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்.

எத்தனையோ இருக்கிறது கோபப்பட. எனக்கு வயிறு எரிவது அந்த நிமிஷத்தை நினைத்துத்தான். அவள் மட்டும்தான் எதிரில் இருந்தாள். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. பெற்ற மகள் கிணற்றை நோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

வருஷா வருஷம் எங்கள் வேலையைச் சரிபார்க்க ஒரு குழு உட்காரும். அதில் ஒரு வயதான மருத்துவர் இருந்தார். நான் பேசி முடித்ததும், "எல்லாம் சரி, ஏன் குறையுது?" என்று கேட்டார். கடின உழைப்பால் உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் கூடியிருக்கலாம், அது அழற்சியை அடக்கியிருக்கலாம் என்று மேடம் பதில் சொன்னார். "அப்ப அதையும் அளந்து காட்டச் சொல்லுங்க" என்றார் அவர். எங்களுக்கு அதில் மறுப்பே இல்லை. மீதி ரத்தம் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. கார்ட்டிசால் ஏறியிருப்பதைக் காட்டிவிட்டால் கோட்டைக்குக் கொடி ஏற்றியது மாதிரிதான்.

கார்ட்டிசால் சோதனையில் நிறத்தின் கணக்கு தலைகீழ். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குக் கார்ட்டிசால் குறைவு. ஐப்பசிப் பாதி வெளிறித் தெரியும் என்று காத்திருந்தேன். கடைசி மருந்தை விட்டதும் அந்தப் பாதி முழுக்க, ஒரு குழி பாக்கி இல்லாமல், மஞ்சள் பொங்கி எழுந்தது. கார்ட்டிசால் கொஞ்சமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்பதுதான் சரி.

நடக்கிற, சிரிக்கிற மனுஷிக்கு அது எப்போது இல்லாமல் போகும்? வெளியிலிருந்து யாராவது அதே வேலையைச் செய்கிற மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் உடம்பு, சரி நான் எதற்கு என்று சுரப்பதை நிறுத்திவிடும். இது நான் இளநிலை மாணவர்களுக்கு நடத்துகிற பாடம். அடுத்த பத்தியும் எனக்கு மனப்பாடம்: ஸ்டீராய்டு தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு முகம் நிலா மாதிரி உருண்டு போகும். உடம்பு தேறிட்டம்மா என்றேனே! தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

மேடத்திடம் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுபடி ஐப்பசி பிறந்திருந்தது. அறைத்தோழியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்பி, யாருக்கும் சொல்லாமல் நேரே வயலுக்குப் போனேன். தூறல். வாய்க்கால் மதகு ஓரத்தில் பெண்கள் நின்றார்கள். அம்மா ஒரு தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை மடியிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் போய்ப் போய் வந்தது. காகிதத்தில் மடித்த மாத்திரைகள், வெள்ளையும் ரோஸும் மஞ்சளுமாக. மெடிக்கலில் உடம்பு வலிக்குச் செட்டு என்று கொடுப்பார்களே, அது. டீக்கு ஒரு செட்டு. வேலையில்லாத வைகாசியில் இந்தச் செட்டும் இருந்திருக்காது, அதனால்தான் அந்த ரத்தம் மட்டும் மஞ்சளாக நின்றது. எதிர்வீட்டு அத்தையின் இரண்டு கையிலும் நாற்றுக்கட்டு இருந்தது. அவர் வாயைத் திறக்க, அம்மா குழந்தைக்கு ஊட்டுவதுபோல் போட்டுவிட்டாள். கடைசியாக ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரில் நான்.

"ஏன்டி இந்த ஈரத்துல வந்து நிக்கிற? டீ குடிக்கிறியா?"

"கையில என்னம்மா?"

"என்ன, ஒண்ணுமில்ல. பாக்கு."

பையைச் சுருட்டி மடிக்குள் செருகிக்கொண்டாள். பச்சைப் பொய். கண்ணுக்கு நேராக, கொஞ்சம்கூடக் கூசாமல். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேற்றில் இறங்கினார்கள். "பாப்பாவுக்கு ஒரு டம்ளர் ஊத்துக்கா" என்று யாரோ குனிந்தபடியே சொன்னார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டீ குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை ஆறுதல் எதிர்பார்த்தேன், தப்பா? அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சொந்த ஊர்ல எடுக்காதேன்னு நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார். அனுப்பியிருந்த கட்டுரையை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார். காரணம் கேட்டவர்களிடம் மாணவி ஆள் எடுத்ததில் பிழை என்றாராம். அதற்கப்புறம் நடையில் யாரிடமும் என்னை அறிமுகம் செய்யவில்லை.

குழு திரும்ப உட்கார்ந்தபோது அந்த வயதான மருத்துவர்தான் வழி சொன்னார். "இதையே எழுது. வலிக்கு மறைச்சு ஸ்டீராய்டு சாப்பிடுறாங்க, அதனால ரத்தத்துல நோய் மறைஞ்சு போவுது. இது எவ்வளவு பேருக்குத் தெரியும்?" நேரம் முடிந்துகொண்டிருந்தது. புதிதாக வேறு ஊரில் ஆரம்பிக்க இனி வழியில்லை. இதை எழுதினால் பட்டம். எழுதாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுதுவது என்றால் எதை எழுதுவது? என் அம்மா செய்ததை.

ஒரு மெடிக்கலில் போய் "உடம்பு வலி, செட்டு குடுங்க" என்று கேட்டேன். யாருக்கு, என்ன வியாதி, ஒரு கேள்வி இல்லை. மடித்துக் கொடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் ரோஸ் மாத்திரைதான் நான் தேடிய ஸ்டீராய்டு. அதையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா முறத்தில் உளுந்து வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரையை முறத்தில் வைத்தேன்.

"இதை நான் எழுதப்போறேம்மா."

"எதை?"

"நீ குடுக்கிறதை."

"நான் எங்க குடுத்தேன்?"

"கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது பாக்கு."

"ரத்தத்துல தெரியுதும்மா!"

"ரத்தம் பேசுமாடி?" என்றாள். அந்த மாத்திரையைக் கல்லோடு சேர்த்து ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். முதல் நாளே காதோடு காதாகச் சொல்லியிருந்தால் வேறு ஊரில் எடுத்திருப்பேனே, என் வயிற்றில் இப்படி அடிக்கலாமா என்று கேட்டேன். அதுவரை நான் மனசுக்குள் அவளுக்காக ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆள் குறைந்தால் என் படிப்பு நின்றுபோகும் என்று பயந்து, எனக்காகத்தான் மறைத்திருப்பாள் என்று. நான் கத்தி ஓய்ந்ததும் அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அதுங்க தின்னாத்தான் என்ன? காலையில ஒரு சொம்பைத் தூக்க முடியாது அதுங்களால. அதுங்க எந்திரிக்கலன்னா அடுத்த நாளே நடவு மிஷின் வந்து நிக்கும். அப்புறம் எந்த நிலக்காரன் போன் பண்ணுவான்? என்னை எவன் கேப்பான்?"

என்னை. சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "எழுதிக்க. எழுதி அந்தப் பொம்பளைங்க மானத்தை வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்காக அல்ல. எனக்காக எதுவுமே இல்லை. தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்தால் பெண்கள் வர வேண்டும், அதற்காக.

எழுதினேன். யார் பெயரும், ஊர் பெயரும் இல்லாமல் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் அந்த மருத்துவரையே ஊருக்கு அழைத்துப் போனேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரிக்கு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சரியான மருந்துக்கு மாற்றலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். சிலர் வந்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா, "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். எதிர்வீட்டு அத்தை வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"உங்கம்மாதான் பாப்பா சொல்லிக் குடுத்துச்சு. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்க, இல்லன்னா என் பொண்ணு நம்ம மாத்திரையைப் புடுங்கிப்புடும்னு."

பாய் விரிப்பதற்கு முன்னாலேயே, நான் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே, என்னிடமிருந்து அந்தப் பெண்களைக் காப்பாற்ற அம்மா தயாராகியிருக்கிறாள். அவர்களுக்கு வலி எங்கே என்று தேடிப்போன என்னை, வலி மாத்திரையைப் பிடுங்க வந்தவள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அன்றைக்கு நான் அழுதேன். அத்தை தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கடைசியாக வாய்மொழித் தேர்வு. எங்கள் பக்கத்தில் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. எல்லோரும் வந்து உட்காரலாம், சமோசாவும் லட்டும் டீயும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், வீட்டு ஆட்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து புரியாத இங்கிலீஷைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். நான் வீட்டுக்குத் தகவல் மட்டும் சொல்லியிருந்தேன், வா என்று கூப்பிடவில்லை. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. அம்மா. அவள் பின்னால் வேன் பிடித்துக் கூட்டிவந்த பெண்கள், எதிர்வீட்டு அத்தை உட்பட. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு வாக்கியம் தடுமாறிப்போனது. திரையில் அவர்களின் ரத்தம் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்தார். நல்ல மனிதர். என் ஆய்வு அவருக்குப் பிடித்திருந்தது, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்துவிட்டார். மேடம் முதல் ஆளாக எழுந்து கைகுலுக்கினார். தேர்வாளர் பின்வரிசையைப் பார்த்து, கேண்டிடேட்டோட அம்மாவா என்று விசாரித்துவிட்டு, தமிழில் அன்பாகக் கேட்டார்.

"உங்க பொண்ணு இத்தனை வருஷமா என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு தெரியுமாம்மா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தெரியுங்கய்யா. நாங்க மாத்திரை தின்னுட்டு இல்லன்னு பொய் சொன்னோம். அப்படிச் சொல்லுங்கன்னு அதுங்களுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அதைத்தான் எழுதியிருக்கு."

அறையே சிரித்துக் கைதட்டியது. எவ்வளவு வெள்ளந்தியாகப் பேசுகிறார்கள் என்று மேடம் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அம்மா உட்கார்ந்து, யாரோ நீட்டிய லட்டை வாங்கிக்கொண்டாள். வயலில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். பாக்கு என்றாள். ரத்தம் பேசுமா என்றாள். இன்றைக்கு முன்பின் தெரியாத ஒரு ஆள் ஒரே ஒரு தடவை கேட்டதும் எழுந்து நின்று மடமடவென்று சொல்கிறாள். வாழ்த்தோடு நீண்ட கைகளை எல்லாம் குலுக்கிக்கொண்டே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னம்மா கேடு?